சோதனைக்குச் செலவு செய்தது யார்?

விதை, பூச்சி மருந்து விற்கும் கடைகளில் ‘பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டது’ என்று சொல்லித் தரும் துண்டறிக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். திருத்தணி விவசாயி எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கம் போய் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது யார்?

கம்பெனிகள் கட்டணம் கட்டித் தங்கள் பொருளை ஆராய்ச்சி நிலையங்களில் சோதித்துக்கொள்வது வழக்கம்தான், அது தவறல்ல. ஆனால், விற்றால் லாபம் அடைபவரே சோதனைக்கும் செலவு செய்யும்போது முடிவு அவர் பக்கம் சாய வாய்ப்பு உண்டு. இதைத்தான் ‘ஆதாய முரண்’ என்கிறோம். பொய்க் கணக்கு எழுத வேண்டியதே இல்லை. விவசாயிகள் வழக்கமாகச் செய்யும் முறையோடு ஒப்பிடாமல், எதுவுமே தெளிக்காத பாத்தியோடு ஒப்பிட்டால் சுமாரான மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும். மூன்று பருவம் சோதித்து, நன்றாக வந்த ஒன்றை மட்டும் வெளியிட்டாலும் அப்படித்தான்.

பி.டி. கத்தரி தந்த பாடம்

தண்டு, காய்ப்புழுவைத் தாங்கும் பி.டி. கத்தரியை உருவாக்கியது மஹிகோ நிறுவனம். அதில் மான்சான்டோவுக்கு 26 சதவீதப் பங்கு இருந்தது. மஹிகோவுடன் 2005-ல் செய்த ஒப்பந்தத்தின்படி, கோவை வேளாண் பல்கலைக்கழகம் அந்த மரபணுவை கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ரகங்களில் சேர்த்தது. 2009 அக்டோபர் 14-ல் மத்திய மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் தந்தது. 2010 பிப்ரவரி 9-ல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். பல சோதனைகளை, உருவாக்கியவர்களே நடத்தியிருந்தார்கள் என்பது அவர் சுட்டிய காரணங்களில் ஒன்று. அது நல்ல ரகமாகவே இருந்தாலும், விவசாயி நம்பி ஏற்க வழியில்லாமல் போனது. ஆதாய முரணின் உண்மையான நஷ்டம் இதுதான்.

மரபணு மாற்றக் கடுகு வழக்கில், 2024 ஜூலை 23-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஒப்புதல் குறித்து மாறுபட்டார்கள். ஆனால், முடிவெடுக்கும் நிபுணர்கள் தங்கள் ஆதாய முரணை அறிவிக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

* செலவை ஏற்றது யார்?
* எதனோடு ஒப்பிட்டார்கள்?
* எத்தனை இடம், எத்தனை பருவம்?
* முழு அறிக்கையைக் காட்டுவார்களா?

ஒரு பொருளை எதிர்ப்பவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். பிறகு பத்து சென்ட்டில் மட்டும் புதியதைப் போட்டு, பக்கத்திலேயே உங்கள் வழக்கமான முறையையும் வைத்து, செலவையும் மகசூலையும் எழுதி வையுங்கள். அந்தச் சோதனைக்குச் செலவு செய்தவர் நீங்கள். அதன் முடிவைத் தாராளமாக நம்பலாம்.