சுவரில் படரும் பூஞ்சணம்

மும்பை ட்ராம்பேயிலுள்ள சீத்தா கேம்ப், 1976ஆம் ஆண்டு ஜனதா காலனியினின்று அகற்றப்பட்ட மக்கள், அவருள் தமிழரும் பலர், சதுப்பு நிலத்தில் குடியேறிய பகுதியாகும். அத்தகைய இடத்தில் ஈரம் கூரை வழி இறங்குவதன்றி, நிலத்தினின்று சுவர் வழி மேலேறவும் கூடும். அவ்வீரத்தில் படரும் பூஞ்சணத்தின் நுண்வித்துக்கள் மூச்சோடு கலப்பின், இழுப்பு நோயுடையார்க்கு இன்னல் மிகும்.

வீட்டுக் காற்றைக் கருவியில் ஈர்த்து வித்துக்களை எண்ணித் தருவாரும் இன்று உளர். ஆயின், இத்தனை வித்து வரை தீங்கில்லை என்னும் வரம்பினை 2009இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகளும் வகுக்கவில்லை. கறை கண்ணெதிரே தெரியும்போது எண்ணிக்கைக்குப் பணம் தருவானேன் என்பதே எம் கருத்து. ஈரமானியைச் சுவரில் வைத்துப் பார்த்தலோ பயனுடைத்து. அடிச்சுவரில் மிகுந்து மேலே குறையின் பெரும்பாலும் நிலத்து நீர். கூரையடியில் மிகின் ஒழுக்கு. அதனை அடைக்காது வண்ணம் பூசினால், அடுத்த மழைக்காலத்தில் கறை மீண்டும் தோன்றும். நனைந்த பாயையும் துணியையும் இரண்டு நாட்களுக்குள் உலர்த்திவிடுதல் நன்று.