செருப்பை எடுக்க எத்தனை மார்க்?

டீ கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் ஒரு கேள்வி. தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுக்க வேண்டும். தடுமாறாமல் எடுத்துவிடுவேன் என்று உங்களுக்கு எத்தனை சதவீதம் நம்பிக்கை? நூறா, சரி. இப்போது நாற்காலிமேல் ஏறி நின்று உயரத்தில் இருக்கும் டப்பாவை எடுக்க வேண்டும். எண் இறங்குகிறது, இல்லையா? அந்த இறக்கத்தைத்தான் அளக்கிறார்கள்.

கனடாவில் லிண்டா பவல், அனிடா மையர்ஸ் என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஏபிசி அளவுகோல் இது. முதியவர்களுக்காக உருவானது, பிறகு பார்க்கின்சன் நோயாளிகளிடமும் கேட்கத் தொடங்கினார்கள். மொத்தம் 16 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை நீங்களே மார்க் போட்டு, கூட்டி, 16ஆல் வகுக்க வேண்டியதுதான். மாடிப்படி, வீடு பெருக்குவது, கூட்டத்தில் இடிபடுவது, கை நிறையப் பொட்டலங்களோடு கைப்பிடியைப் பிடிக்காமல் எஸ்கலேட்டரில் போவது என்று நீளும் பட்டியலில், கடைசிக் கேள்வி உறைபனி படிந்த நடைபாதை. பிறந்த ஊர் தெரிகிறது பாருங்கள்! செய்து பழக்கமில்லாத காரியம் என்றால், செய்ய நேர்ந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துச் சொல்ல வேண்டும்.

டாக்டர்தான் பின்னால் நின்று தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறாரே, அது போதாதா என்பீர்கள். அதில் உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்பது தெரியும். ஆனால் டாக்டர் பார்க்கிறார் என்றால் பார்க்கின்சன்காரர் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைப்பார். நடை அழகாகவே இருக்கும். வீட்டில் இதே டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு குறுகலான வாசலில் திரும்பும்போதுதான் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை விழுந்தவர் பயந்து வெளியே போவதை நிறுத்துவார். நடக்காத கால் பலம் இழக்கும், பிறகு விழுவது இன்னும் சுலபம். இந்தப் பயத்தை எந்த இழுப்பும் காட்டாது.

ஹாங்காங்கில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பார்க்கின்சன் உள்ளவர்களில் சராசரி 69க்குக் கீழே போனால் விழும் ஆபத்து கூடுதல் என்று கோடு கிழித்தது. கோட்டை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். எழுபது வாங்கியவர் மாடிப்படிக்கு மட்டும் பத்து போட்டிருக்கலாம். அவர் குடியிருப்பது மாடியில் என்றால் சராசரியை வைத்து என்ன செய்வது? என்னைக் கேட்டால், குறைவாகப் போடுகிறவரைவிட, அடிக்கடி விழுந்தும் தொண்ணூற்றைந்து போடுகிறவரைப் பார்த்துத்தான் கவலைப்படுவேன். அவர் ஊன்றுகோலைத் தொடவே மாட்டார்.

இன்னொன்று, மாத்திரை நேரம். பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா வேலை செய்யும்போது எண்பது போடுபவர், அதன் வேகம் இறங்கியதும் நாற்பது போடலாம். இரண்டும் உண்மைதான். அதனால் தாளின் ஓரத்தில், கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.