கணிகருவியைக் கழற்றியபின் பூட்டுதல்

ஸ்ட்ரோம்மனில் உங்கள் புத்தகப்பையில் இருக்கும் கணிகருவி பழுதுற்றால் அதனைக் கழற்றுவது எளிது. மீளப் பூட்டுவதே கடினம்.

1973இல் ஷார்ப் நிறுவனம் திரவப் பளிங்குத் திரை கொண்ட சிறு கணிகருவியை வெளியிட்டது. இத்தகைய திரையைச் சுற்றுப்பலகையுடன் இணைப்பது பல கருவிகளில் கம்பியன்று. மின் கடத்தும் இறப்பரும் கடத்தா இறப்பரும் மெல்லிதாக மாறி மாறி அடுக்கப்பட்ட ஒரு பட்டியே. அதனை விரலால் தொடலாகாது. வியர்வையும் தூசும் இணைப்பைக் கெடுக்கும்.

நாம் பூட்டும் ஒழுங்கு இது: மேலோட்டைக் கவிழ்த்து, விசைகள், இறப்பர் விரிப்பு, பலகை என இடுவோம். திருகாணியை முதலில் இடப்புறம் மெல்லச் சுழற்றினால் அது பழைய புரியில் 'டிக்' என விழும். பின்னரே வலப்புறம் முறுக்குவோம். எதிர் மூலைகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குவோம். அழுத்தம் சமனாக இல்லாவிடில் திரையில் கோடுகள் மறையும்.

அங்கேதான் ஆபத்து. 8 என்னும் இலக்கம் ஏழு கோடுகளால் ஆனது. நடுக்கோடு மறைந்தால் அது 0. வலப்புற மேற்கோடு மறைந்தால் 6. இடப்புறக் கீழ்க்கோடு மறைந்தால் 9. கருவி சரியாகக் கணித்தும் விடை பிழைக்கும். புள்ளியோ பிள்ளைக்குத்தான் குறையும்! ஆதலின் பூட்டியவுடன் திரை நிறைய 8ஐ அழுத்திப் பாருங்கள்.

பெற்றோர்களே! கழற்றிய பொத்தான் மின்கலத்தை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துள் உணவுக்குழாயில் கடும் புண் உண்டாகக்கூடும். உடனே 113ஐ அழையுங்கள்.