உங்களுக்குத் தெரியுமா? வாசலுக்கு வரும் பருவங்கள்

மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகி வைக்கிறோமே, பரங்கிப்பூ, அது ஆண்பூவாக இருக்க வேண்டும். பரங்கிக் கொடியில் ஆணும் பெண்ணும் தனித்தனிப் பூக்கள். இதழுக்குக் கீழே கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண். அதைப் பறித்தால் ஒரு காய் போயிற்று. நீண்ட மெல்லிய காம்பில் பிஞ்சில்லாமல் நிற்பது ஆண். கொடிக்குக் கொடி இரண்டு மூன்று ஆண்பூவை வண்டுக்கும் தேனீக்கும் விட்டுவிட்டு மற்றதை வாசலுக்குக் கொண்டுவரலாம். விடியலில் விரிகிற பூ, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். ஆகவே கோலம் போட்டு முடித்த கையோடு பறித்துச் செருகிவிடுங்கள்.

◆

அந்தச் சாண உருண்டைகளை நெல்லைப் பக்கத்தில் வீணாக்குவதில்லை. அன்றன்று பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். தை பிறந்ததும் சிறுபிள்ளைகள் வாசலில் மண்ணால் குட்டி வீடு கட்டி, சின்னப் பானையில் சிறுவீட்டுப் பொங்கல் வைப்பார்கள். மாதம் முழுக்கச் சேர்ந்த பூ வரட்டிகள் அன்றைக்கு ஆற்றோடு போகும். பிள்ளைகள் தாங்களே கட்டி, தாங்களே அலங்கரிக்கும் வீடு அது. பெரியவர்கள் கைவைத்துத் திருத்தாமல் விட்டால்தான் அழகு.

◆

‘7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை’ என்று கோல நோட்டில் எழுதியிருக்கும். மொத்தம் எத்தனை புள்ளி? 37. ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை’ என்றால் 169. நடுவரிசையில் தொடங்கி மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போவதை நம் பாட்டிமார் மனக்கணக்காகச் செய்தார்கள். இந்தக் கோலங்களைக் கணினி அறிவியல் பாடமாகவே ஆக்கினார்கள், சென்னையில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும். சொற்களுக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படங்களுக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று கோலத்தை வைத்து விளக்கிய அவர்களுடைய கட்டுரை 1974-இல் வெளிவந்தது. இன்றும் உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆய்வாளர்கள் அதை எடுத்துப் படிக்கிறார்கள். கோலம் போடும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்தச் செய்தி தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

◆

மாக்கோலம் போட்டவுடன் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். முதல்முறை போடுகிறவர்கள் தெரியவில்லையே என்று மேலும் மேலும் இழுத்துக் கோடுகளைத் தடிமனாக்கிவிடுவார்கள். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்தால், மோதிரவிரல் வழியாக மாவு வழிந்து வரும். விரல்தான் பேனா, துணிதான் மைக்கூடு. முதல் இழையைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சுற்றிலும் காவி பூசினால் வெள்ளை இன்னும் எடுப்பாக இருக்கும்.

◆

கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரை இறவாணத்திலும் வாசல் நிலையிலும் செருகுவார்கள். வயலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும்கூட ஒரு கட்டு உண்டு. சிறுபீளைக்குப் பூளைப்பூ, பொங்கப்பூ என்றெல்லாம் பெயர். இந்தப் பூவுக்கு ஒரு குணம்: காய்ந்தாலும் உதிராது, நிறமும் பெரிதாக மாறாது. கட்டி ஒரு மாதம் ஆனபிறகும் வெள்ளையாக அப்படியே நிற்கும். ஜாடியில் வைக்கக் காய்ந்த பூங்கொத்து வேண்டும் என்று கடை கடையாகத் தேடுகிறவர்கள் தை மாதத்தில் ஒரு தரிசு நிலத்தை எட்டிப் பார்த்தால் போதும்.

◆

மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் வண்ண வண்ணமாக ஆடும் நெட்டிமாலை, ஏரியிலும் குளத்திலும் வளரும் ஒரு செடியின் தண்டு. மேல்தோலைச் சீவினால் உள்ளே பஞ்சுபோல லேசான வெள்ளைச் சோறு இருக்கும். அதைத்தான் வெட்டிச் சாயம் ஏற்றிக் கோக்கிறார்கள். தஞ்சாவூரில் இதே நெட்டியில் பெரிய கோயிலையே சின்னதாகச் செதுக்கி வைப்பார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாடு மாலையை மென்றுவிட்டாலும், தண்ணீரில் விழுந்தாலும் பிளாஸ்டிக்கால் வரும் கேடு இதில் கிடையாது. பிளாஸ்டிக் ஜரிகை மாலை மலிவு என்று வாங்குகிறவர்கள் மாட்டின் வயிற்றையும் நினைக்க வேண்டும்.

◆

கல்யாண வாசலில் குலையோடு வாழைமரம் கட்டுகிறோம். அடடா, மரத்தையே வெட்டிவிட்டார்களே என்று வருந்த வேண்டாம். வாழை ஒருமுறைதான் குலைதள்ளும். அதன்பிறகு தாய்மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் கன்றுகள் காத்திருக்கும்.

◆

தென்னங்குருத்து ஏன் இளமஞ்சளாக இருக்கிறது? வெயில் படாததால் இன்னும் பச்சையம் ஏறவில்லை, அவ்வளவுதான். விரியாத ஓலை என்பதால் எப்படி மடித்தாலும் முறியாது. குருவி, கிளி, பாம்பு, சடை, பந்து என்று கைக்கு வந்ததையெல்லாம் அதில் பின்னலாம். பின்னி முடிக்கும்வரை ஈரத்துணியில் சுற்றி வைத்திருங்கள். காற்றுப் பட்டால் ஒரு மணி நேரத்திலேயே ஓரம் சுருள ஆரம்பிக்கும்.

ஒன்று மட்டும் கவனம். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 12 ஓலைதான் விடும், அதாவது மாதத்துக்கு ஒன்று. ஆழமாக அரிவாளைப் போட்டு அந்த முனையை வெட்டிவிட்டால் மரமே பட்டுப்போகும். பழக்கமுள்ள மரமேறியை அழைத்து, ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஈழத்தில் மங்கலத் தோரணத்துக்கும் துக்க வீட்டுத் தோரணத்துக்கும் மடிப்பு முறையே வேறு. யாழ்ப்பாண உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஆசையாக உதவப் போகிறவர்கள், அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் ஒரு தோரணத்தை மடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவைப்பது நல்லது.

◆

மாவிலைத் தோரணத்துக்கு நூல் முடிச்சோ ஊசியோ தேவையில்லை. இலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து, ஒரு துண்டு ஈர்க்கால் குத்தி நிறுத்துங்கள். கொழுந்து வேண்டாம், வாடித் தொங்கும். தோல் தடித்த முற்றிய இலைதான் நாள்கணக்கில் தாங்கும்.

◆

பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டில் களிமண் பிள்ளையார் பிடிக்கப்போகிறீர்களா? வெடிப்பு விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில். மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்க, உள்பக்கம் ஈரமாகவே இருப்பதால்தான் விரிசல். நிழலில், ஈரத்துணி போர்த்தி, மெதுவாகக் காயவிடுங்கள். தொந்தியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் குடைந்துவிட்டால் சீராகக் காயும். சுடாத களிமண் வாளித் தண்ணீரிலேயே கரைந்துவிடும், அந்தத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்படிக் கரையாது. அதனால்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் அதில் செய்த சிலைகள் கூடாது என்றது.

கண்ணுக்கு வைக்கிற குன்றிமணி அழகுதான், ஆனால் உள்ளே கடும் நஞ்சு. முழுசாக இருக்கும்வரை தடித்த தோல் காக்கும். உடைத்தாலோ ஊசியால் துளைத்தாலோ ஆபத்து. எனவே குன்றிமணியைக் கோத்து மாலை செய்யும் வேலை வேண்டவே வேண்டாம். கண்ணாக அழுத்தி வைத்தபிறகு மீதியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். எருக்கம்பூ மாலை கட்டியதும் கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது, அந்தப் பால் கண்ணைப் புண்ணாக்கும்.

◆

கொலுவில் பூங்கா வைக்க ஆசையா? கேழ்வரகும் கடுகும்தான் புல்தரை. தட்டில் மெல்லிய மண் பரப்பி, ஒரு இரவு ஊறிய கேழ்வரகைத் தூவி, தண்ணீர் தெளித்து வாருங்கள். கொலு வைப்பதற்கு ஐந்தாறு நாள் முன்பே தூவிவிட வேண்டும். வெளிச்சத்தில் வைத்தால் பச்சைப் புல், இருட்டறையில் வைத்தால் இளமஞ்சள் புல். அம்மன் கோயில் முளைப்பாரியில் பார்க்கிறோமே, அந்த மஞ்சள், இருட்டில் வளர்த்ததால் வருவதுதான். நடுவில் பழைய முகக்கண்ணாடி ஒன்றைப் பதித்தால் குளம் தயார்.

◆

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்றொரு ஊர். நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் அதே கைகள், ஆவணியில் பிள்ளையார், மார்கழியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, ஆட்டுக்குட்டி எல்லாம் செய்கின்றன. அதே மண்தான் மூன்றுக்கும்.

◆

புது அகலை நேரே ஏற்றாதீர்கள். மண் எண்ணெயைக் குடித்துவிடும். சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, காயவைத்து ஏற்றினால் எண்ணெயும் மிஞ்சும், தரையிலும் கறை படியாது.

◆

இந்தப் பகுதியில் நான் மிகவும் ஆசையாக எழுதுவது இதைத்தான்: கார்த்திகை மாவலி. மத்தாப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் பிள்ளைகள் கையால் செய்துகொண்ட தீப்பொறி அது. வட மாவட்டத்துக் கிராமங்களில் இன்னும் சுற்றுகிறார்கள்.

பனையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண்பனை நுங்கு தரும். ஆண்பனை நீள நீளமாகப் பூக்கதிர் விடும். காய்ந்து கீழே விழுந்த அந்தக் கதிர்களைப் பொறுக்கி, சின்னக் குழியில் போட்டுக் கொளுத்தி, கனிந்து சிவந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். காற்றில்லாமல் அவிந்து மறுநாள் நல்ல கரியாகியிருக்கும். அதை மாவுபோல இடித்து, பழைய பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டி இறுக்கிக் கட்டுங்கள். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் இந்தப் பொட்டலத்தை வைத்துச் சுற்றிலும் கட்டி, மேலே ஒரு கயிறு. துணியின் நுனியில் ஒரு கங்கு வைத்து ஊதிவிட்டுச் சுற்ற வேண்டியதுதான். சுற்றும் வேகத்தில் கரித்தூள் துணியின் வழியே பொறிப்பொறியாகத் தெறித்து, காற்றுப் பட்டு இன்னும் சிவந்து, சுற்றுகிறவரைச் சூழ்ந்து ஒரு பொன்வளையம் நிற்கும். வெடிமருந்து கிடையாது, சத்தம் கிடையாது. வைக்கோல்போரும் கூரைவீடும் இல்லாத வெட்டவெளியில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பருத்தி உடுப்போடு சுற்ற வேண்டும். பனை குறையக் குறைய இந்தப் பொறியும் குறைகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

◆

யாழ்ப்பாணத்தில் கார்த்திகைத் தீபத் திருநாளுக்கு விளக்கீடு என்று பெயர். வாசலில் ஒரு வாழைக்குற்றியை நட்டு, அதன் தலையில் பாதித் தேங்காய்ச் சிரட்டையை வைத்து விளக்கேற்றுவார்கள். விளக்குத்தண்டுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

◆

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்ய எத்தனை மூங்கில் சிம்பு வேண்டும்? பத்து. ஒரே நீளத்தில் ஐந்து சிம்புகளை மேலும் கீழுமாகக் கோத்து முனைகளைக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் நாலைந்து அங்குலக் குச்சியை முட்டுக்கொடுத்தால் நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும். பட்டத்தாள் ஒட்டும்போது பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் திறந்து விடுங்கள், பல்பு வைக்க. எல்.ஈ.டி. பல்பே போதும், சூடேறும் குண்டு பல்பு தாளைக் கருக்கிவிடும்.

கூர்கூராகப் பல முனைகளோடு இருக்கும் மொரேவியன் நட்சத்திரம் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில், 1830-களில், வடிவியல் வகுப்புப் பயிற்சியாகப் பிறந்தது. குடில் வைக்கும் வழக்கமோ இன்னும் பழையது. அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அமைத்ததிலிருந்து அது பரவியது.

◆

ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சும்போது, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பது போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வழக்கம். அது நஞ்சு. பிள்ளைகளோடு செய்யும் வீட்டு வேலைக்கு வெறும் பசையே போதும், அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

◆

இலங்கையில் மே மாதப் பௌர்ணமிக்குப் பௌத்தர் வீடுதோறும் தொங்கும் வெசாக் கூட்டையும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் போலவே சிம்பில் செய்துவிடலாம். ஒரே அளவுக் குச்சி 24 எடுத்து ஆறு சதுரங்கள் கட்டுங்கள். சதுரங்களை மூலையோடு மூலை சேர்த்துக் கட்டிக்கொண்டே வந்தால், இடையில் எட்டு முக்கோணங்கள் தாமாகவே விழும். சதுரத்துக்கு ஒரு நிறம், முக்கோணத்துக்கு ஒரு நிறம் என்று தாள் ஒட்டுங்கள்.

◆

குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக முடைந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். ஆண்டு முழுக்க அது அங்கேயே காய்ந்து பழுப்பேறும். மறு ஆண்டு தவக்காலம் தொடங்கும் முன் அந்த ஓலைகளைக் கோயிலில் திரும்பக் கேட்டு வாங்கி எரிப்பார்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் இடுவது அந்தச் சாம்பலைத்தான்.