அறுந்த மின்கம்பிக்கு யார் பொறுப்பு?

மழைக்காலத்தில் அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதித்து ஒருவர் இறந்துபோனால், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது: சாலை மறியல், எஃப்.ஐ.ஆர்., அரசின் நிவாரண அறிவிப்பு. அத்தோடு விஷயம் முடிந்ததாக ஊரும் குடும்பமும் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் நிவாரணம் அரசு மனமிரங்கித் தருவது. தொகையையும் அரசே முடிவு செய்யும். இழப்பீடு அப்படியல்ல. இறந்தவரின் வருமானத்தையும் அவரை நம்பியிருந்தவர்களையும் பார்த்து நீதிமன்றம் கணக்கிடும் உரிமைத் தொகை அது. நிவாரணம் வாங்கியதாலேயே வழக்குத் தொடரும் உரிமை போய்விடாது. குற்ற வழக்கும் இதற்கு ஈடாகாது. அங்கே குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். குடும்பம் வெறும் சாட்சி. உரிமையியல் நீதிமன்றத்திலோ, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். குற்ற வழக்கில் மின் ஊழியர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு நிற்கும்.

இதற்கு அடிப்படையான தீங்கியல் சட்டம் இந்தியாவில் ஒரே சட்டப் புத்தகமாக இயற்றப்படவில்லை. பெரும்பகுதி தீர்ப்புகளால் வளர்ந்தது. சாதாரணமாக மூன்றைக் காட்ட வேண்டும்: எதிராளிக்குக் கவனமாக இருக்கும் கடமை இருந்தது, அதில் தவறினார், அதனால் தீங்கு வந்தது. ஆனால் ஆபத்தான பொருளைக் கையாள்பவருக்குச் சட்டம் இவ்வளவு சலுகை காட்டுவதில்லை. மின்சாரத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இரவில் சைக்கிளில் வீடு திரும்பியவர், மழைநீர் தேங்கிய சாலையில் மின்சாரம் பாய்ந்த கம்பியில் பட்டு இறந்தார். யாரோ திருட்டுத்தனமாக மின்சாரம் இழுத்த கம்பி அது, எங்கள் தவறல்ல என்றது வாரியம். நீதிமன்றம் ஏற்கவில்லை. இவ்வளவு ஆபத்தான சக்தியை விநியோகிப்பவர்தான் அது தப்பிப் பாயாமல் தடுக்க வேண்டும். கவனமாகத்தான் இருந்தோம் என்பது பதிலாகாது.

வாரியத்தின் உள்விவகாரம் கூலிக்காரக் குடும்பத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். டெல்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில் 1966-லேயே இதற்கு விடை கிடைத்துவிட்டது. சரியாகப் பராமரித்த கட்டடம் தானாக விழாது. எனவே அதைத் தன் பொறுப்பில் வைத்திருந்த மாநகராட்சிதான் விளக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லா விபத்துக்கும் பணம் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்ததற்கு மாநகராட்சி பொறுப்பல்ல என்று அதே நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு உவப்பானதல்ல. ஆனாலும் அது இருக்கிறது.

இழப்பீடு மக்கள் பணம்தானே என்பது இன்னொரு ஆட்சேபம். இழப்பை யாரோ ஒருவர் சுமந்துதான் ஆக வேண்டும். மின்சாரத்தால் பயன்பெறும் எல்லாருக்கும் அதைப் பகிர்ந்துவிடாமல், சம்பாதிப்பவரை இழந்த ஒரே வீட்டின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? தாமதம்தான் உண்மையான குறை. அதனால் பலர் நேரே உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போகிறார்கள். பொறுப்பு மறுக்க முடியாதபடி தெளிவாக இருந்தால் அது பலிக்கும். உண்மைகளே தகராறில் இருந்தால் உரிமையியல் வழக்குதான் வழி என்று தமிழ்நாடு மின்வாரியம் தொடர்பான வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உயிரிழப்புக்கான உரிமையியல் வழக்கு 1855-ஆம் ஆண்டின் சட்டப்படி மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்காகத் தொடரப்படுவது. காலவரம்பு இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அரசையும் எதிர்வாதியாகச் சேர்ப்பதானால் பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். கடைசி நேரத்தில் வக்கீலைத் தேடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நீதிமன்றக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் வறியவராக வழக்குத் தொடர அனுமதி கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீலைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும். தொலைபேசி எண் 15100. பிரேதப் பரிசோதனை அறிக்கை, மின் ஆய்வாளர் அறிக்கை, கம்பி தாழ்வாகத் தொங்குவதாக முன்பே யாராவது கொடுத்த புகாரின் ரசீது ஆகியவை வழக்குக்குப் பலம். கம்பியை வாரியம் மறுநாளே மாற்றிவிடக்கூடும். அதற்குள் யாராவது தள்ளி நின்று படம் எடுத்துவிட வேண்டும்.