பத்து விநாடிப் பதம்

பக்கவாதம் வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை என்றால் வீட்டில் உடனே நீட்டுவது ஒரு டம்ளர் தண்ணீர். விழுங்கச் சிரமப்படும் பலருக்கு அதைவிட ஆபத்தானது வேறில்லை. விழுங்கும்போது குரல்வளை மேலேறி, மூச்சுக்குழாயின் வாசல் அடைபட வேண்டும். ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் முடிகிற வேலை. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தொண்டைப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு போன்றவற்றால் அது தாமதமானால், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். புரையேறி இருமினால் நல்லது, விஷயம் தெரிந்துவிடும். தொண்டையில் உணர்ச்சி மழுங்கியவர்கள் இருமுவதே இல்லை. சில நாள் கழித்துக் காய்ச்சலும் நிமோனியாவுமாக வந்து நிற்பார்கள்.

அதனால் மருத்துவமனைச் சமையலறையில் தண்ணீரையும் கெட்டியாக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கெட்டி என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் தேன் பதம் என்றார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு வேறு பெயர்கள். 2013-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி ஒரே அளவுமுறையை உருவாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று அழைக்கப்படும் அந்த முறையில் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். 0 வெறும் தண்ணீர். 7 வழக்கமான சாப்பாடு. பானங்கள் 4-ஆம் படியோடு முடிகின்றன, உணவுகள் 3-இல் தொடங்குகின்றன. நடுவில் இருக்கும் இரண்டும் பொது.

எனக்கு இதில் பிடித்தது சோதனைக் கருவிகள். ஊசி மாட்டாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும். நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி ஒழுகவிட வேண்டும். மிச்சம் 1 மில்லிக்குக் கீழ் என்றால் 0-ஆம் படி. 1 முதல் 4 வரை என்றால் 1. 4 முதல் 8 வரை என்றால் 2. 8-க்கு மேல் என்றால் 3. சொட்டுக்கூட இறங்காவிட்டால் 4. எல்லா சிரிஞ்சும் ஒன்றல்ல, 10 மில்லிக்கான அளவுகோல் 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்கிற அளவுக்குக் கறார்.

திட உணவுக்கு முள்கரண்டி. அதன் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி சுமார் 4 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கான 5-ஆம் படி உணவில் துணுக்குகள் அந்த இடைவெளியைவிட அகலமாக இருக்கக் கூடாது. 6-ஆம் படியில் துண்டுகள் 1.5 சென்டிமீட்டர் வரை போகலாம். தவறிப் போனாலும் மூச்சுக்குழாயை முழுதாக அடைக்காத அளவு அது. கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரை முள்கரண்டியால் அழுத்தினால் துண்டு நசுங்க வேண்டும், விட்டதும் பழைய வடிவத்துக்கு எழும்பக் கூடாது.

நம் தட்டை இந்தக் கண்ணோடு பார்த்தால் திகைப்பாக இருக்கும். இட்லி மெத்தென்று இருக்கிறதே என்று ஊட்டுகிறோம். வாயில் அது பிசுபிசுத்துத் திரளும், அல்லது உதிர்ந்து சிதறும். சாம்பாரில் மிதக்கவிட்டால் இன்னும் மோசம்: வாய் இட்லியை மென்றுகொண்டிருக்க, சாம்பார் தனியே தொண்டைக்கு ஓடும். ரசம் சாதமும் அப்படித்தான். தயிர் சாதத்தைக் குழைய வேகவைத்து மசிக்கலாம், ஆனால் ஆறினால் இறுகும், வைத்திருந்தால் நீர் பிரியும். எனவே சோதனையைப் பரிமாறும் சூட்டில்தான் செய்ய வேண்டும். தாளிப்பில் கிடக்கும் கடுகும் கடலைப்பருப்பும் கறிவேப்பிலையும் அபாயம். வாசம் எண்ணெயில் இறங்கிவிடுகிறது. வடிகட்டி எண்ணெயை மட்டும் ஊற்றினால் ருசி போகாது.

எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு, சுற்றுவதற்குத் தண்ணீர் ஊற்றி, பழுப்பாக ஒரு கிண்ணம் கொடுப்பது சமையல் அல்ல. தண்ணீர் கூடக்கூடச் சத்து நீர்த்துப்போகும், ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிறவர் வயிறு மட்டும் நிரம்பும். பால், பருப்புத் தண்ணீர், நெய் சேர்த்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அரைத்துச் சல்லடையில் தேய்க்க வேண்டும். கேரட் விழுதைக் கேரட் வடிவ சிலிக்கான் அச்சில் வைத்து எடுக்கும் மருத்துவமனைகள் வெளிநாடுகளில் உண்டு. ஜப்பானில் ஹிரோஷிமாவில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள்: காய்கறியை உறையவைத்து இளக்கி, நொதியை உள்ளே ஏற்றி, உருவம் மாறாமலே நாக்கால் நசுக்கும் அளவுக்கு மென்மையாக்கினார்கள்.

பானங்களைக் கெட்டியாக்க மாவுச்சத்துப் பொடியும் சாந்தன் பசையும் பயன்படுகின்றன. மாவுச்சத்தை எச்சிலில் உள்ள அமைலேஸ் உடைத்துவிடும். பாதி குடித்த டம்ளரில் எச்சில் கலந்தால் மீதி நீர்த்துவிடும். சாந்தனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கலக்கியதும் கொடுத்துவிடக் கூடாது. பதம் நிலைக்கச் சில நிமிடங்கள் வேண்டும், பாலில் இன்னும் கூடுதலாக. ஐஸ்கிரீம் கெட்டிதானே என்று நினைப்பவர்கள் உண்டு. நாக்கில் பட்டதும் அது உருகி மெல்லிய திரவமாகிவிடும்.

கெட்டித் தண்ணீர் யாருக்கும் பிடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழவழப்பு வெறுத்துக் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், உடலில் நீர் வற்றுகிறது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் உள்ள ஃப்ரேசியர் மறுவாழ்வு நிலையத்தில் உருவான நடைமுறை இதற்கொரு வழி திறந்தது. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு, வாயை நன்றாகச் சுத்தம் செய்தபின், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து வெறும் தண்ணீர் தருகிறார்கள். சுத்தமான வாயிலிருந்து நுரையீரலுக்குத் தப்பிப் போகும் சிறிதளவு தண்ணீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும், கிருமியும் உணவுத் துணுக்கும் கூடவே போனால்தான் தொற்று என்பது அதன் கணக்கு. யாருக்குப் பொருந்தும் என்பதை விழுங்குதல் சிகிச்சையாளர்தான் தீர்மானிக்கிறார். சாப்பாட்டின் நடுவே அந்தத் தண்ணீர் கிடையாது, மாத்திரை விழுங்கவும் கிடையாது.