மின்சாரக் காரும் அடுக்குமாடி வீடும்

மின்சாரக் கார் சாமானிய மக்களுக்கு உபயோகப்படுமா என்ற வாதம் நம் தேசத்தில் ஓயாமல் நடந்து வருகிறது. உபயோகப்படும் என்போர் நார்வே தேசத்தைச் சுட்டிக் காட்டுகின்றனர். மறுப்போர், அது செல்வச் செழிப்புள்ள குளிர் நாடு, அதன் கதை நமக்கெதற்கு என்று ஒதுக்கி விடுகின்றனர். இரு திறத்தாரும் நார்வேயைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

2024-ம் ஆண்டில் நார்வேயில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 88.9 மின்சாரக் கார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், பதிவான மின்சாரக் கார்களின் தொகை பெட்ரோல் கார்களின் தொகையை மிஞ்சிற்று. குளிரில் பாட்டரியின் திறன் குறையும் என்பது மெய்யே. ஆயினும் வடதுருவத்தை அடுத்த அந்நாட்டில் ஓடுகிற வண்டி நமது ஊர்களில் ஓடாது என்பாரின் தர்க்கம் நமக்கு விளங்கவில்லை. வெயிலும் பாட்டரிக்குப் பகை எனலாம். அதைக் குளிர்விக்கும் ஏற்பாட்டுடனேயே இன்று பல கார்கள் வருகின்றன.

இந்த மாறுதல் தானாக நிகழ்ந்ததன்று. பெட்ரோல் கார் மீது கனத்த வரி சுமத்தி, மின்சாரக் காருக்கு 2001 முதல் 25 சதவிகித விற்பனை வரியை நீக்கியது அந்நாட்டுச் சர்க்கார். தன் எண்ணெயைப் பிறர்க்கு விற்றுவிட்டு, தான் அருவி நீரின் மின்சாரத்தில் ஓடும் சாமர்த்தியத்தை என்னென்பது! நம் தேசத்திலும் 2019 ஆகஸ்ட் முதல் மின்சாரக் காருக்கு வரி 5 சதவிகிதந்தான். அப்படியும் வாங்கும் விலை உயர்வாகவே இருக்கிறது.

ஆனால் விலையினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. இரவில் கார் எங்கே நிற்கிறது? வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் எட்டு மணி நேரம் செருகி வைத்தால் சுமார் 24 யூனிட் ஏறும். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்றாலும் 140 கிலோமீட்டருக்குக் குறையாது. நகரத்தில் நாள்தோறும் அவ்வளவு தூரம் ஓட்டுவோர் மிகச் சிலரே. ஆகவே சொந்த வீடும் வாசலும் உடையவர்க்கு விவாதம் முடிந்தது. வெளியூர்ச் சவாரியே பிழைப்பாகக் கொண்ட வாடகைக் கார் ஓட்டுநரின் நிலைமை வேறு. காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் அவருக்குக் கூலி நஷ்டம். தெருவில் காரை நிறுத்துவோர்க்கும் இன்று இது ஏற்றதன்று.

இடையில் நிற்பவர் அடுக்குமாடிவாசி. வீட்டு இணைப்பிலேயே மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்சார இலாகா 2022 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. ஆனால் கீழ்த்தளத்துக்குக் கம்பி இழுக்கக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்க வேண்டுமே! நெருப்புப் பிடிக்கும் என்பார் ஒருவர். மீட்டர் யாருடையது என்பார் மற்றொருவர். வாடகைக்கிருப்பவரோ வீட்டுக்காரர் தயவையும் நாட வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் ஐந்திலொரு பங்குக்கு மின்னேற்ற வசதி வேண்டுமென்று 2019-ல் மத்திய சர்க்கார் திருத்திய மாதிரி விதிகள், புதிதாக எழும் கட்டடங்களை நோக்கியவை. ஏற்கெனவே எழும்பி நிற்கும் கட்டடங்களில் வசிப்போர் என் செய்வர்?

நார்வே இதற்கும் வழி கண்டது. தகுந்த காரணமின்றி அடுக்குமாடி உரிமையாளரின் மின்னேற்ற விண்ணப்பத்தை நிராகரிக்கலாகாது என்ற சட்டம் 2018 ஜனவரியில் அங்கே அமலுக்கு வந்தது. மானியம் எவ்வளவு என்று கேட்டு வரும் நம் அன்பர்கள், தத்தம் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரிடம் முதலில் இச்சட்டத்தைக் கேட்பார்களாக. இதற்குக் கஜானாவிலிருந்து ஒரு காசும் வேண்டியதில்லை.